ஊர்வனக் கண்காட்சிக்கு வாங்கப் போகிறீர்களா?

"ஏண்டா, நம்ம கூரையிலேயே நூறு ஓடுது. அதை விட்டுட்டுக் காசு குடுத்தா பல்லி வாங்கப் போறே?"

என் தங்கையின் மாமியார் தம் பேரனைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அவர்கள் குடியிருக்கிறார்கள். பையனுக்கு அப்போது வயது பதினான்கு. தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தை இரண்டு வருடமாக ஒரு மைலோ டின்னில் சேர்த்து வைத்திருந்தான். அந்த வயதுப் பிள்ளைகள் காற்பந்துச் சப்பாத்துக்கோ கைத்தொலைபேசிக்கோ பணம் சேர்ப்பார்கள். இவன் சேர்த்தது சிறுத்தைப் பல்லிக்காக. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்டு, கண் இமையை மூடித் திறந்து மனிதர்களைப் பார்க்கும் ஒரு பிராணி அது. நம் வீட்டுப் பல்லிக்குக் கண் இமை கிடையாது என்பதே அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"மாமா, கோலாலம்பூரில் ஊர்வனக் கண்காட்சி நடக்குது. நீங்க வந்தா அம்மா விடுவாங்க" என்றான். மருமகன் கேட்டு மாமன் மறுக்கலாமா? புறப்பட்டேன். அந்தப் பயணம் எப்படி முடிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அது நல்லபடியாக முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே வந்திராது.

அன்பு வாசகர்களே! பாம்பு, பல்லி, ஆமை இவற்றையெல்லாம் மேசை போட்டு விற்கும் கண்காட்சிகள் உலகமெங்கும் நடக்கின்றன. ஜெர்மனியில் ஹாம் என்ற ஊரில் ஆண்டுக்குப் பல முறை கூடும் ஊர்வனச் சந்தை உலகப் பெயர் பெற்றது. நம் நாட்டிலும் பெரிய பேரங்காடிகளிலும் மண்டபங்களிலும் செல்லப் பிராணிக் கண்காட்சி நடக்கும்போது ஊர்வனவற்றுக்கென்று ஒரு பகுதி ஒதுக்குகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரு நாள் கையைப் பிடித்து இழுக்கக் கூடும். வேடிக்கை பார்க்கப் போனால் கவலை இல்லை. வாங்கப் போவதென்றால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

புறப்படும் முன் வீட்டில் பேசுங்கள்

முதலில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டியது ஆயுள் கணக்கு. பூனைக் குட்டியைப் போல இதுவும் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும் என்று நினைத்து விடாதீர்கள். சிறுத்தைப் பல்லி நன்றாகக் கவனித்தால் 15 முதல் 20 ஆண்டு வரை வாழும். அமெரிக்காவின் சோளப் பாம்பும் அப்படித்தான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த 'பால் பைத்தான்' என்றொரு சிறு மலைப்பாம்பு உண்டு. பயந்தால் பந்து போலச் சுருண்டு கொள்வதால் அந்தப் பெயர். நம் பசும்பாலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது 20, 30 ஆண்டுகள் சாதாரணமாக இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலைக்கு 1961ஆம் ஆண்டு வந்த ஒரு பெண் பால் பைத்தான், 2020ஆம் ஆண்டில் முட்டை இட்டது! அப்போது அதன் வயது அறுபதைத் தாண்டி விட்டது.

பதினான்கு வயதுப் பையன் வாங்கும் பிராணி, அவன் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்ட பிறகும் இருக்கும். அவன் விடுதியில் தங்கிப் படிக்கப் போனால் யார் பார்ப்பது? அநேகமாக அம்மாதான். ஆகவே அம்மாவின் சம்மதம் இல்லாமல் வாசற்படியைத் தாண்ட வேண்டாம்.

அடுத்தது தீனிக் கணக்கு. சிறுத்தைப் பல்லி கீரை தின்னாது, சோறு தின்னாது. உயிரோடு நெளியும் புழு, துள்ளும் சில்வண்டு இவைதான் வேண்டும். அவற்றின் மேல் சுண்ணச் சத்துப் பொடியைத் தூவியும் கொடுக்க வேண்டும். சோளப் பாம்புக்கு எலி. வாரம் ஒன்று என்று வைத்தாலே வருடத்துக்கு 52. பதினைந்து வருடத்தில் 780 எலிகள்! அவற்றைக் கடையில் உறைய வைத்து விற்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தால் எங்கே வைப்பீர்கள்? இட்லி மாவு இருக்கும் குளிர்ப்பெட்டியிலா? இந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் கிடைக்கவில்லை என்றால் பாம்பு ஆசையை அங்கேயே விட்டு விடுங்கள்.

மூன்றாவது, கூடு. பலர் பிராணியின் விலையை மட்டும் விசாரித்துக்கொண்டு போகிறார்கள். கண்ணாடித் தொட்டி, வெப்ப விளக்கு அல்லது வெப்பப் பாய், அதைக் கட்டுப்படுத்தும் கருவி, வெப்பமானி, ஒளிந்து கொள்ள இடம், தண்ணீர்க் கிண்ணம் என்று சேர்த்துப் பார்த்தால் கூட்டின் செலவு பல சமயம் பிராணியின் விலையைத் தாண்டும். தாடி ஓணான், ஆமை போன்றவற்றுக்குச் சூரிய ஒளியின் குணமுள்ள தனி விளக்கும் தேவை. அது இல்லாவிட்டால் எலும்பு மெலிந்து, கால் வளைந்து போகும். தகரக் கூரை வீடுகளில் இன்னொரு கவலை. மத்தியான வேளையில் கூரைச் சூடு இறங்கும்போது கூட்டுக்குள் எத்தனை பாகை என்று பாருங்கள். சிறுத்தைப் பல்லிக்குக் கூட்டின் ஒரு பக்கத்தில் 31, 32 பாகைச் சூடு வேண்டும். மறுபக்கம் அதைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும். கூடு முழுவதும் அடுப்பாகி விட்டால் அது ஒதுங்க இடமில்லை.

கூட்டை முதலில் தயார் செய்து, ஒரு வாரம் காலியாகவே ஓட்டி, சூட்டை அளந்து பார்த்த பிறகுதான் கண்காட்சிக்குப் போக வேண்டும். ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியர் பக்கத்துப் பட்டணத்தில் இருக்கிறாரா என்பதையும் அதற்குள் விசாரித்து விடுங்கள். எல்லா மிருக வைத்தியரும் பாம்பையும் பல்லியையும் பார்ப்பதில்லை.

மண்டபத்துக்குள் என்ன பார்ப்பீர்கள்?

நுழைவுச் சீட்டு எடுத்து உள்ளே போனால் ஒரே கூட்டம். வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கியிருக்கும். நம் சாப்பாட்டுக் கடையில் சம்பல் கட்டிக் கொடுக்கும் டப்பா போலத்தான் இருக்கும். உள்ளே ஒரு பாம்புக் குட்டி சுருண்டு கிடக்கும். பார்த்ததும் மனசு கேட்காது. "இத்தனூண்டு டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறார்களே" என்று தோன்றும். ஒரு நாள் கண்காட்சிக்காகக் கொண்டுவரும் டப்பா அது. சிறிய இருட்டு இடத்தில் சுருண்டிருப்பது பாம்புக்குப் பயம் தருவதில்லை. ஆனால் டப்பாவுக்குள் அசிங்கம் காய்ந்து கிடந்தால், பல பிராணிகளை ஒன்றாகத் திணித்திருந்தால், அந்த மேசையைத் தாண்டிப் போய் விடுங்கள்.

டப்பாவைத் தட்டாதீர்கள். பிள்ளைகளையும் தட்ட விடாதீர்கள். கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள். ஒரு மேசையில் பிராணியைத் தொட்டு விட்டு அடுத்த மேசைக்குப் போகும் முன் கையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். பல மேசைகளில் அதற்கென்றே கிருமிநாசினி வைத்திருப்பார்கள். ஓரிடத்து உண்ணியையும் நோயையும் இன்னோர் இடத்துக்கு நம் கையே கொண்டு போய்விடும்.

முதல் சுற்றில் பணப்பையைத் திறக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் முழுவதையும் ஒரு முறை சுற்றி வந்தால் ஒரே இனத்தை நாலைந்து மேசைகளில் பார்ப்பீர்கள். எங்கே சுத்தம், எங்கே விலை நியாயம், யார் பொறுமையாகப் பதில் சொல்கிறார் என்பது விளங்கும். பிறகு ஒரு கோப்பி குடியுங்கள். அதன் பிறகு வாங்கலாம்.

டப்பா மேல் எழுதிய கணக்கு

டப்பாவின் மேல் சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். இனத்தின் பெயர், பிறந்த மாதம், விலை இருக்கும். கூடவே 1.0 அல்லது 0.1 என்று ஓர் எண் இருக்கும். என் மருமகன் சொல்லும் வரை நான் அதை நிறை என்றுதான் நினைத்தேன்! புள்ளிக்கு முன்னால் உள்ளது ஆண், பின்னால் உள்ளது பெண். 1.0 என்றால் ஓர் ஆண். 0.1 என்றால் ஒரு பெண். 0.0.1 என்றால் ஆணா பெண்ணா என்று இன்னும் தெரியவில்லை என்று பொருள். இரண்டு ஆண் சிறுத்தைப் பல்லிகளை ஒரே கூட்டில் போட்டால் கடித்துச் சண்டை போடும். ஆகவே இந்த எண் முக்கியம்.

'ஹெட்' என்ற சொல்லும் பல சீட்டுகளில் இருக்கும். வெளியே தெரியாத ஒரு நிறக் குணம் இந்தப் பிராணியின் உடம்புக்குள் இருக்கிறது, குட்டி போட்டால் வெளிப்படக் கூடும் என்று அதற்கு அர்த்தம். அதற்கென்று விலையும் ஏறும். கண்ணால் பார்த்து யாரும் உறுதி சொல்ல முடியாத சமாச்சாரம் அது. விற்பவரின் வார்த்தையை நம்பித்தான் பணம் கொடுக்க வேண்டும். இனப்பெருக்கம் செய்து விற்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம். சாதாரண நிறப் பல்லியும் அதே அளவு சாப்பிடும், அதே அளவு பழகும்.

கூட்டில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா?

சீட்டில் 'சி.பி.' என்று இருந்தால் மனிதர் வளர்ப்பில் பிறந்தது. 'டபிள்யூ.சி.' என்றால் காட்டில் பிடித்தது. சீட்டில் எதுவும் இல்லாவிட்டால் வாயைத் திறந்து கேளுங்கள். காட்டில் பிடித்த பிராணி பெரும்பாலும் வயிற்றில் பூச்சியும் உடம்பில் உண்ணியுமாக வரும். பயத்தில் சாப்பிட மறுக்கும். விலை குறைவாக இருக்கலாம். வைத்தியச் செலவு அதை ஈடு கட்டிவிடும்.

தோட்டத்தில் இருக்கும் நமக்கு இது இன்னும் நெருங்கிய விஷயம். செம்பனைக் காட்டில் மலைப்பாம்பும் உடும்பும் நமக்குப் புதிதல்ல. "அங்கே விலை போட்டு விற்கிறார்கள், இங்கே சும்மா கிடைக்கிறதே, பிடித்து விற்றால் என்ன?" என்று இளைஞர்கள் கேட்கக் கூடும். 2010, 2011 வாக்கில் 'தோக்கே' பல்லிப் பைத்தியம் பிடித்து ஆட்டியது ஞாபகம் இருக்கிறதா? எய்ட்ஸ் நோய்க்கு அது மருந்து என்று யாரோ கிளப்பி விட்ட பொய்யை நம்பி, ஆயிரக்கணக்கில் வெள்ளி கிடைக்கும் என்று இரவெல்லாம் டார்ச் விளக்கோடு அலைந்தவர்கள் உண்டு. நோய்க்கும் அந்தப் பல்லிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 2019ஆம் ஆண்டு தோக்கேயும் அனைத்துலக வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. நம் மலைப்பாம்பும் உடும்பும் சட்டப் பாதுகாப்பு உள்ளவை. உரிமம் இல்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம்.

காகிதம் இல்லாமல் கை நீட்டாதீர்கள்

தீபகற்ப மலேசியாவில் இதற்கான சட்டம் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 2022ஆம் ஆண்டில் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கூட்டினார்கள். நடத்துவது பெர்ஹிலித்தான் என்று நாம் அழைக்கும் வனவிலங்குத் துறை. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் பிராணிகளுக்கு 2008ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரின வாணிபச் சட்டமும் சேர்ந்து கொள்ளும்.

சட்டத்தின் வாசகமெல்லாம் நமக்கு மனப்பாடம் ஆக வேண்டியதில்லை. நாம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: வாங்க நினைக்கும் இனத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு, கண்காட்சிக்குப் போகும் முன்பே பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் "இதை வைத்திருக்க உரிமம் வேண்டுமா?" என்று கேட்பது. வேண்டும் என்றால், விற்பவரிடம் அவருடைய உரிமத்தையும் பிராணி எப்படி வந்தது என்ற காகிதத்தையும் பார்ப்பது. ரசீது வாங்குவது. "காகிதம் எல்லாம் பிறகு வாட்சப்பில் அனுப்புகிறேன்" என்று சொன்னால் "அப்போது பணத்தையும் பிறகு அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

குறிப்பாக நட்சத்திர ஆமை விஷயத்தில் கவனம் தேவை. ஓட்டின் மேல் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரியும். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அது நம் முன்னோர் வந்த மண்ணின் பிராணி. தமிழகம், ஆந்திரம், இலங்கை இவற்றின் வறண்ட புதர்க் காடுகளில் வாழ்கிறது. அங்கே குட்டிகளைப் பொறுக்கி, துணிப் பெட்டிகளில் அடைத்து, சென்னையிலிருந்து மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் கடத்த முயன்று பலமுறை பிடிபட்டிருக்கிறார்கள். வழியில் சாகும் குட்டிகள் எத்தனையோ. 2019ஆம் ஆண்டில் அதை அனைத்துலக வாணிபத்தில் மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு உயர்த்தினார்கள். ஆமைக் கடத்தல் நம் வாசலுக்கும் வந்த விஷயம்தான். 2017ஆம் ஆண்டு மே மாதம் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில், மடகாஸ்கரிலிருந்து வந்த 330 ஆமைகளைச் சுங்கத் துறையினர் பிடித்தார்கள்.

"வீட்டில் வைத்தால் அதிர்ஷ்டம்" என்று யாராவது மேசைக்கு அடியிலிருந்து ஒரு நட்சத்திர ஆமைக் குட்டியை எடுத்துக் காட்டினால் அந்த அதிர்ஷ்டம் நமக்கு வேண்டாம். அபராதமும் சிறையும் அதோடு சேர்ந்து வரும். ஒரு மாதச் சம்பளத்தை நம்பி இருக்கும் குடும்பம் அதைத் தாங்காது.

ஜொகூர் பாருவில் வாங்கி அக்கரைக்குக் கொண்டுபோக நினைக்கும் சிங்கப்பூர் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் செங்காது ஆமை போன்ற ஒன்றிரண்டு ஆமை வகைகள் தவிர, பாம்பு, பல்லி, ஓணான் எதையும் செல்லப் பிராணியாக வளர்க்க அனுமதி இல்லை. இங்கே கடையில் தாராளமாகக் கிடைப்பது பாலத்தைத் தாண்டினால் கடத்தல் பொருள். பார்த்து ரசியுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்து வாங்குங்கள்

மாடு வாங்கும்போது பல்லைப் பார்ப்பார்கள் நம் பெரியவர்கள். இங்கேயும் பார்க்க இடம் உண்டு. கண் தெளிவாக இருக்க வேண்டும். பாம்பு சட்டை உரிக்கும் முன் கண் பால் படர்ந்தது போல இருக்கும், அது நோயல்ல. மூக்கில் குமிழி, வாயில் கோழை, மூச்சு விடும்போது சத்தம் இருந்தால் வேண்டாம். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு நின்றால் பட்டினி கிடந்தது என்று பொருள். சிறுத்தைப் பல்லி தன் கொழுப்பை வாலில்தான் சேர்த்து வைக்கும். வால் தடிப்பாக இருந்தால் நல்ல சேமிப்பு உள்ள குடும்பம். குச்சி போல இருந்தால் கடனில் ஓடும் குடும்பம்! கழிவு வாய் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். விரல்களில் பழைய தோல் இறுகிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள்; அது விரலையே அறுத்து விடும். பாம்பைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு உள்ளங்கையில் கடுகைவிடச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் ஊர்ந்தால் அது உண்ணி.

பிறகு கேள்வி கேளுங்கள். எப்போது பிறந்தது? கடைசியாக எப்போது சாப்பிட்டது? என்ன சாப்பிட்டது? உறைந்த எலியை எடுக்குமா, உயிர் எலிதான் வேண்டுமா? நல்ல வளர்ப்பாளர் இதையெல்லாம் குறித்து வைத்திருப்பார், கேட்டால் சந்தோஷப்படுவார். பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் அடம் பிடிப்பதில் பேர் போனது. அதனால் தொடர்ந்து பல வேளை சாப்பிட்ட குட்டிதானா என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். விற்பவரின் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். "வாங்கிப் போன பிறகு ஒரு சந்தேகம் வந்தால் கூப்பிடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்து போகும்.

பேரம் பேசலாம். சாயங்காலம் மேசையைக் கட்டும் நேரத்தில் விலை இறங்குவதும் உண்டு. ஆனால் பாசார் மாலாமில் மிச்ச மீனை அள்ளுவது போல, மலிவாகக் கிடைக்கிறதே என்று வீட்டில் பேசி முடிவு செய்யாத பிராணியை வாங்கி விடாதீர்கள்.

எங்கள் முதல் பயணம்

இப்போது ஆரம்பத்தில் விட்ட கதைக்கு வருகிறேன்.

அன்றைக்கு என் மருமகன் நல்ல பல்லியைத்தான் தேர்ந்தெடுத்தான். தடித்த வால், தெளிந்த கண். 150 வெள்ளி. மைலோ டின்னிலிருந்து எடுத்த நோட்டுகளை எண்ணி, தானே விற்பவர் கையில் கொடுத்தான். அந்த இளைஞரும் நல்லவர். "நேரா வீட்டுக்குப் போங்க அங்கிள், வழியில எங்கேயும் நிக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

நான்தான் கேட்கவில்லை. கிள்ளானில் வண்டியை நிறுத்தி, "சாப்பிட்டுட்டே போயிடலாம்டா" என்றேன். அவன் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினான். "சாப்பாட்டுக் கடைக்குள்ளே பல்லியா? யாராவது பார்த்தா சத்தம் போடுவாங்க. வண்டியிலேயே இருக்கட்டும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டிருக்கேன்" என்று சொன்னவன் நான். பெரியவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி அவன் வைத்துவிட்டு வந்தான். வாழை இலைச் சாப்பாடு, பாயசம் எல்லாம் முடித்து வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது.

நம் ஊர் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அரை மணி நேரத்துக்குள்ளேயே சூடு 40 பாகையைத் தாண்டி விடும். கண்ணாடியை விரல் அகலம் இறக்குவதால் பெரிய பயன் இல்லை. ஊர்வனவற்றின் உடம்பு வெளிச் சூட்டோடு சேர்ந்தே ஏறும். நிழலுக்கு ஓடத்தான் அவற்றுக்குத் தெரியும். டப்பாவுக்குள் எங்கே ஓடுவது?

அவன் டப்பாவைத் திறந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். தோட்டம் வரும் வரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே வந்தான். வீட்டுக்குப் பின்னால் வாழை மரத்தடியில் புதைத்தான். கேலி செய்த பாட்டிதான் அன்று அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அந்தத் தவறு விற்றவர் மீதும் இல்லை, பையன் மீதும் இல்லை. என் மீதுதான்.

ஆகவே வாசகர்களே, இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வாங்கியதும் நேராக வீட்டுக்குப் போங்கள். சாப்பாடு, சாமான், சொந்தக்காரர் வீடு எல்லாம் வாங்குவதற்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். டப்பாவை நிழலில், குளிர்ச் சாதனக் காற்று நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். பாம்பானால் துணிப்பைக்குள் விட்டு, வாயை இறுகக் கட்டி, ஒரு பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோகலாம். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் வெயில் தாழ்ந்த பிறகு வாங்கிப் புறப்படலாம்.

வீட்டில் முதல் வாரம்

கூட்டில் விட்டதும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். ஐந்தாறு நாள் தொந்தரவு செய்யாமல் விடுங்கள். தண்ணீர் மட்டும் மாற்றி வையுங்கள். இடம் பழகிய பிறகு தீனி எடுக்கும். வீட்டில் ஏற்கெனவே வேறு ஊர்வன இருந்தால் புதியதைக் குறைந்தது ஒரு மாதம் வேறு அறையில் தனியாக வைத்துக் கவனிக்க வேண்டும்.

கை கழுவுவது இன்னும் முக்கியம். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா என்ற கிருமி இருக்கும். அவற்றுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பார்ப்பதற்கு நல்ல ஆரோக்கியமாகவே இருக்கும். மனிதர்களுக்கு அது வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் இவர்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். சின்ன ஆமைகளைப் பிள்ளைகள் வாயில் வைத்து நோய் பரவியதால், அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டிலேயே நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள். தொட்ட பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். கூட்டையும் கிண்ணத்தையும் சமையலறையில் கழுவ வேண்டாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் சில வருடம் பொறுத்து வாங்குவதே நல்லது.

வளர்க்க முடியாமல் போனால் செம்பனைக் காட்டிலோ கோயில் குளத்திலோ கொண்டுபோய் விட்டு விடாதீர்கள். உள்ளங்கை அளவில் வாங்கிய செங்காது ஆமை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்ததும் பலர் குளத்தில் விடுகிறார்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்வது அது. அந்நிய ஊர் ஆமை நம் குளத்து உயிர்களின் தீனியையும் இடத்தையும் பறித்துக்கொள்கிறது. விற்றவரிடமே கேளுங்கள், அல்லது வளர்க்கத் தெரிந்த ஒருவருக்குக் கொடுங்கள்.

வெறுங்கையோடு வந்தாலும் நஷ்டமில்லை

ஆறு மாதம் அவன் பல்லியைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகு ஒரு நாள் பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். மேலே நான் எழுதியதில் பாதிக்கு மேல் அந்தப் புத்தகத்தில் இருந்தவை. "மாமா, அடுத்த கண்காட்சிக்குப் போகலாமா? இந்தத் தடவை வாங்க வேணாம். பார்த்து, கேட்டுட்டு வரலாம்" என்றான்.

போனோம். மூன்று மேசைகளில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டான். வெறுங்கையோடு திரும்பினோம். அன்றைக்கும் கிள்ளானில் சாப்பிட்டோம். கவலை இல்லாமல் சாப்பிட்டோம். அதற்கு அடுத்த கண்காட்சியில்தான் வாங்கினான். போகும்போதே சாப்பிட்டுக்கொண்டோம். வாங்கிய பத்தாவது நிமிடம் வண்டி நெடுஞ்சாலையில் இருந்தது.

கண்காட்சியில் எல்லாமே 'இன்றைக்கு விட்டால் இனி கிடைக்காது' என்பது போலத் தோன்றும். அப்படி எதுவும் இல்லை. அடுத்த கண்காட்சி வரத்தான் போகிறது. தயாராக இல்லாத வீட்டுக்கு ஓர் உயிரைக் கொண்டுபோவதைவிட, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்புவது மேல்.

இப்போது அந்தப் பல்லிக்கு இரண்டு வயதாகிறது. பையன் பள்ளிக்குப் போனதும் கூட்டைப் பார்த்துக்கொள்வது யார் தெரியுமா? பாட்டிதான். போன வாரம் நான் போயிருந்தபோது என்னை உட்காரச் சொல்லும் முன்பே, "பல்லி ரெண்டு நாளா சரியா சாப்பிடலை. பெரிய தோல் ஒண்ணு உரிக்கப் போகுதாம், பையன் சொல்றான். வந்து பாருங்க தம்பி" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.